தோட்டப்புறக் குடும்பமும் குழந்தைப் பருவமும்

தமிழ்ப் பள்ளிகளின் மாணவர் குறிப்பேடுகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வரும் தொடர் ஒன்று உண்டு. பிள்ளை பள்ளிக்கு வரவில்லையா, வீட்டுப்பாடம் செய்யவில்லையா, வகுப்பில் தூங்கி வழிகின்றானா, அனைத்திற்கும் காரணமாக எழுதப்படுவது 'பெற்றோரின் அக்கறையின்மை' என்னும் அத்தொடரே. எழுதுவதற்கு அஃது எளிது. எழுதி முடித்த ஆசிரியருக்கு அதன்பின் செய்ய வேண்டுவது ஒன்றுமில்லை. ஆயின், அது மெய்தானா? அக்கறை என்பது எது, குடும்பம் என்பது எவரெவரைக் கொண்டது, ஒரு பிள்ளை எந்த வயதுவரை குழந்தையாகக் கருதப்படுகின்றது என்னும் வினாக்களை எழுப்பி விடை தேடுவது சமுதாயவியல். அத்துறையறிஞர் கண்ட முடிவுகளைக் கீழ்ப் பேராவின் தோட்டப்புற வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கும்போது சில பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை. பொருந்தாத இடங்களில் ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி.

குழந்தைப் பருவம் எங்கும் என்றும் ஒரே தன்மையது என்பது பொதுவான எண்ணம். பிரெஞ்சு நாட்டு வரலாற்றறிஞர் பிலிப் அரியேஸ் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அவ்வெண்ணத்தை அசைத்தது. ஐரோப்பாவின் இடைக்கால ஓவியங்களில் பிள்ளைகள் சிறிய உருவில் தீட்டப்பட்ட பெரியவர்களாகவே காட்சியளிப்பதை அவர் சுட்டினார். அவர்களுக்கெனத் தனி உடை இல்லை; தனி விளையாட்டும் இல்லை. ஏழு வயதளவில் தாயின் கைப்பிடியை விட்ட பிள்ளை, பெரியவர்களின் உழைப்பிலும் கேளிக்கையிலும் நேரே கலந்துவிட்டது. பள்ளிக்கூடம் பரவி, நடுத்தரக் குடும்பம் தன் வீட்டுக்குள் ஒதுங்கி வாழத் தலைப்பட்ட பிறகே குழந்தைப் பருவம் தனியொரு பருவமாக எண்ணப்பட்டது என்பது அவர் முடிவு.

இம்முடிவை அறிஞர் அனைவரும் ஏற்றுக்கொண்டனரல்லர். 1983ஆம் ஆண்டில் லிண்டா பொல்லாக் என்பார் பல நூற்றாண்டுக் காலத்து இங்கிலாந்து, அமெரிக்கப் பெற்றோரின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து, பிள்ளைகளின்பால் பெற்றோர் கொண்ட அன்பும் கவலையும் முற்காலத்திலும் குறைந்திருக்கவில்லை என்று காட்டினார். ஓவியத்தைப் பார்த்து வீட்டை எடைபோட்டது அரியேஸ் செய்த பிழை என்பர் அவரை மறுப்போர்.

தமிழறிந்தவர்க்கு இவ்வாதத்தில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் இன்றும் கிடைக்கின்றது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பத்துப் பருவங்களாகக் குழந்தையின் வளர்ச்சியைப் பகுத்துப் பாடுவது அவ்விலக்கிய வகை. கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம் வேறு, இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம் வேறு, தளர்நடையிட்டு வரும் பருவம் வேறு என்று கண்டு பெயரிட்டவர்கள் குழந்தையைக் குழந்தையாகக் காணாதவர் ஆகார். பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை என்று வயதெல்லையோடு வகுத்ததும் இத்தகையதே. அரியேஸ் தமிழ் அறிந்திருந்தால் தம் நூலில் ஓர் அதிகாரத்தையேனும் மாற்றி எழுதியிருப்பார்.

எனினும் இவ்விடத்தில் தமிழர் பெருமை பேசி நின்றுவிடுதல் தகாது. பிள்ளைத்தமிழ் பாடப்பெற்றது அரசருக்கும் இறைவருக்கும் அடியார்க்கும். உழவன் மகளுக்கும் கூலியாள் மகனுக்கும் எத்தனை பருவங்கள் இருந்தன என்று அவ்விலக்கியம் கூறவில்லை. சிறுதேர் உருட்டும் வயதில் ஏழை வீட்டுப் பிள்ளை ஆடு மேய்க்கப் போயிருக்கும். எனவே ஒரு காலத்தில் குழந்தைப் பருவம் இருந்ததா என்று கேட்பதைவிட, அஃது எவர்க்கு வாய்த்தது, எத்தனை ஆண்டு வாய்த்தது என்று கேட்பது பொருத்தமாகும். மலாயாத் தோட்டங்களில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

பாட்டியில்லாத வீடுகள்

தெலுக் இந்தான் நகரம் 1982ஆம் ஆண்டு வரை தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்டது. பேராக் ஆற்றின் வளைவில் அமைந்த துறைமுகம் அது. 1885ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சாய்ந்த கோபுரத்தால் வெளியூரார் அதனை அறிவர். 1893ஆம் ஆண்டில் தாப்பா சாலை நிலையத்திலிருந்து அங்கு இருப்புப் பாதை வந்தது. ஆற்றின் இரு மருங்கிலும் காடுகள் அழிக்கப்பட்டு இரப்பரும் தென்னையும் நடப்பட்டன. டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906ஆம் ஆண்டில் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டமும் இவ்வட்டாரத்ததே. பகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் தமிழரோடு தெலுங்கரும் பெருந்தொகையினராகக் குடியேறினர். அங்கு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் விளையாட்டுக் களத்திலேயே தெலுங்கு கற்றனர் என்பதை இவ்வட்டார ஆசிரியர் அறிவர்.

இத்தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த முறை குடும்பத்தின் அமைப்பையே மாற்றியது. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தனி ஆடவர். அம்முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ வேறு. கங்காணி தன் ஊருக்கே சென்று, தன் உறவினரையும் தன் சாதியாரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து வந்தான். ஆதலால் கணவனும் மனைவியும் சேர்ந்து வருதல் சிறிது சிறிதாகப் பெருகிற்று. 1938ஆம் ஆண்டில் உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்திய அரசு தடை செய்யும்வரை இந்நிலை நீடித்தது.

இங்குக் கவனிக்கத்தக்கது, கப்பலேறியவர்களின் வயது. வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர். பாட்டனும் பாட்டியும் ஊரிலேயே தங்கிவிட்டனர். தமிழ்நாட்டுச் சிற்றூரில் ஒரு குழந்தையைப் பேணுவதில் பாட்டிக்குள்ள பங்கு சிறிதன்று. தாய் வயலுக்குப் போனால் குழந்தை பாட்டியிடம் இருக்கும். மருந்து கொடுப்பவள் அவள், கதை சொல்பவள் அவள், மருமகளின் கோபத்திலிருந்து பேரனைக் காப்பவளும் அவளே. லயத்து வீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அதனை நிரப்புவதற்குத் தோட்டம் ஏற்படுத்தியதே ஆயாக் கொட்டகை.

தொழில் வளர்ச்சி மிக மிகக் கூட்டுக் குடும்பம் சிதைந்து, கணவன் மனைவி பிள்ளைகள் மட்டும் அடங்கிய சிறு குடும்பம் தோன்றும் என்பது மேனாட்டுச் சமுதாயவியலில் நெடுநாள் நிலவிய கொள்கை. அமெரிக்க அறிஞர் வில்லியம் கூட் 1963ஆம் ஆண்டில் பல நாட்டுச் சான்றுகளை ஒப்பிட்டு இதனை விரிவாக ஆராய்ந்தார். மலாயாத் தோட்டம் இக்கொள்கையைத் தலைகீழாக்கிக் காட்டுகின்றது. இங்குத் தொழில் முதலில் வந்தது. குடும்பம் பின்னர் வந்தது. தொடக்கத்திலேயே அது சிறு குடும்பம். அதன்பின் ஐம்பது அறுபது ஆண்டுகளில், பேரன் பேத்தி எடுத்தவர்கள் லயத்திலேயே மூப்படைந்தபோதுதான் பாட்டியும் மாமனும் அத்தையும் நிறைந்த பெருங்குடும்பம் ஒன்று உருவாயிற்று. தோட்டப்புற மக்கள் இரண்டு தலைமுறை உழைத்துச் சம்பாதித்தவற்றுள் இவ்வுறவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உறவு இல்லாத இடத்தில் உறவுப் பெயர் முந்திக்கொண்டது. வெவ்வேறு மாவட்டத்திலிருந்து வந்து ஒரே லயத்தில் குடியேறியவர்கள் ஒருவரையொருவர் அண்ணன், மாமா, பெரியம்மா, சித்தி என்று அழைத்தனர். அழைத்த முறைக்கேற்பக் கடமையும் வந்தது. பெரியம்மா என்று அழைக்கப்பட்டவள் பசித்த பிள்ளைக்குச் சோறு போடாமல் இருக்க முடியாது. மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கூலிகளாகச் சென்ற வட இந்தியர், ஒரே கப்பலில் வந்தவரை உடன்பிறந்தாராகக் கொண்டதும் இத்தகையதே.

விடியலுக்கு முன் தொடங்கும் நாள்

இரப்பர் மரத்தின் இயல்பை அறியாமல் தோட்டப்புறக் குழந்தையின் இயல்பை அறிய இயலாது. இரவுக் குளிர்ச்சியில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தணிந்து பால் ஓட்டம் குறையும். ஆதலால் பட்டையைச் சீவும் வேலை அதிகாலையில் நடந்தாக வேண்டும். அதற்கு முன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுப்பு. அதற்கும் முன் சமையல். தாயும் தந்தையும் பால்வெட்டுக்குப் போகும் வீட்டில் இருள் பிரியாத நேரத்திலேயே அடுப்பு எரியும். தூக்கம் கலையாத கைக்குழந்தை துணியில் சுற்றப்பட்டு ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிச் செல்லப்படும். ஆயாவாக இருந்தவள் பெரும்பாலும் வெட்டு வேலைக்கு ஆகாத முதியவள். இருபது முப்பது பிள்ளைகளுக்கு அவள் ஒருத்தியே பாட்டி.

கைக்குழந்தைக்கு ஆயா உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு யார்? தாய் திரும்பும்போது உச்சிப்பொழுது கடந்திருக்கும். அதுவரை வீட்டின் பொறுப்பு மூத்த பெண்ணின் கையில். தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அழைத்து வருபவள் அவள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கு வராதவளும் அவளே. வருகைப் பதிவேட்டில் மூத்த பெண்களின் பெயருக்கு நேரே விழுந்த சுழிகளைத் தொடர்ந்து நோக்கிய ஆசிரியர், அவ்வீட்டில் பிறப்பு எப்போது நிகழ்ந்தது, நோய் எப்போது வந்தது என்று ஊகித்துவிடலாம். அச்சுழிகளை அக்கறையின்மை என்று படிப்பது எத்துணைப் பெரும் பிழை! அவ்வீட்டில் ஒருவர்க்கு மிகுதியாக இருந்தது அக்கறையே. அவருக்கு வயது பத்து.

வருவாயின் ஏற்ற இறக்கமும் மரத்தையே சார்ந்திருந்தது. மழை பெய்தால் வெட்டு இல்லை. ஆண்டின் முற்பகுதியில் மரம் இலையுதிர்க்கும் வாரங்களில் பால் சுருங்கும். பள்ளி தொடங்கிச் சில வாரங்களில் நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் பணம் கேட்கப்படும் காலமும் ஏறத்தாழ அதுவாகவே அமைந்தது. இரப்பரின் உலகச் சந்தை விலையோடு கூலி பிணைக்கப்பட்டிருந்த காலத்தில், இலண்டனில் விலை இறங்கினால் கீழ்ப் பேராவில் ஒரு பிள்ளையின் காலுறை கிழிந்தபடியே இருந்தது.

வாளியின் எடையில் மறைந்த கைகள்

அமெரிக்கச் சமுதாயவியலறிஞர் விவியானா செலிசர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று இங்கு மிகவும் பயன்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிள்ளை வருவாய் தரும் உறுப்பினன். அறுபது ஆண்டுக்குள் அந்நிலை மாறி, பிள்ளை பணத்தால் அளவிட முடியாத செல்வமாகவும், அதே வேளையில் பணம் ஈட்டாத, செலவு மட்டும் வைக்கின்ற உயிராகவும் ஆயிற்று. குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டங்களும் கட்டாயக் கல்வியும் அம்மாற்றத்தோடு இணைந்து வந்தன. அம்மாற்றத்தை எதிர்த்தவர்களுள் பெற்றோரும் இருந்தனர் என்பதை அவர் மறைக்கவில்லை. அவர்கள் கொடியவர்கள் என்பதனால் எதிர்க்கவில்லை. பிள்ளையின் கூலியின்றி அடுப்பு எரியாது என்பதனால் எதிர்த்தனர்.

தோட்டத்தில் இம்மாற்றம் நேர்கோட்டில் நடக்கவில்லை. போருக்கு முற்பட்ட காலத்தில் ஆண், பெண், சிறார் என்று தனித்தனிக் கூலி விகிதம் இருந்தது. சிறார் பெயரேட்டில் இருந்தனர். களை பிடுங்கினர், புழு பொறுக்கினர். பின்னர்ச் சட்டங்கள் வந்தன. மலேசியாவில் 1966ஆம் ஆண்டில் சிறுவர் இளைஞர் வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுவனின் பெயர் கூலி ஏட்டிலிருந்து நீங்கிற்று. ஆனால் அவன் கைகள் வேலையிலிருந்து நீங்கவில்லை.

அது நிகழ்ந்த விதம் இது. பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கொடுக்கப்படும் கூலியில் நாட்கூலி ஒரு பகுதி. கொண்டுவரும் பாலின் எடைக்கேற்ற பணம் மற்றொரு பகுதி. நிரையிலுள்ள மரங்கள் பல நூறு. மங்குகளைத் துடைப்பதற்கும், ஒட்டுப்பாலை உரித்துச் சேர்ப்பதற்கும், பாலை வாளியில் ஊற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவருவதற்கும் இன்னும் இரண்டு கைகள் இருந்தால் எடை கூடும். விடுமுறை நாளிலும் பள்ளி விட்ட பிறகும் பிள்ளை அம்மாவுக்கு 'ஒத்தாசைக்கு'ப் போயிற்று. எடை போடும் கிராணியின் ஏட்டில் தாயின் பெயர் மட்டுமே உண்டு. பின்னர்ச் செம்பனை வந்தபோதும் இதே நிலை. தந்தை குலை வெட்டுவார். தாயும் பிள்ளைகளும் தரையில் சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கி மூட்டையாக்குவார்கள். கணக்கு ஒருவர் பெயரில் எழுதப்படும். குடும்பம் நடத்தும் தொழிலில் பிள்ளை இலேசான வேலை செய்வதை மேற்கூறிய சட்டமே அனுமதிக்கின்றது. தோட்டம் குடும்பத்தின் தொழிலன்று. ஆயினும் கூலி கணக்கிடப்பட்ட முறை, ஒவ்வொரு நிரையையும் ஒரு குடும்பத் தொழில் போல ஆக்கிவிட்டது.

இவ்வாறு உழைத்த பிள்ளை, செலிசர் கூறும் இருவகையில் எதனைச் சேரும்? இரண்டிலும் சேரும் என்பதே விடை. காலையில் பள்ளியில் அது எதிர்கால நம்பிக்கை. மாலையில் காட்டில் அது வாளி தூக்கும் கை. 'நீயாவது படிச்சுக் கிராணியாகு' என்று கூறிய தாயே, மறுவாரம் 'நாளைக்கு மட்டும் லீவு போடு' என்றும் கூறினாள். இரண்டையும் அவள் அன்போடுதான் கூறினாள்.

அன்பு என்னும் சொல்லும் இங்கே ஆராயத்தக்கது. மார்கரெட் ட்ராவிக் என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து எழுதிய நூல் 1990ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ்த் தாய் தன் அன்பை அடக்கி வைக்க முயல்கின்றாள், கண்ணேறு படும் என்று தன் பிள்ளையை வாயாரப் புகழவும் ஆசையோடு உற்று நோக்கவும் அஞ்சுகின்றாள் என்று அவர் கண்டார். பள்ளிக்கு வந்து, ஆசிரியரின் முன்னிலையில் தன் மகனை 'மண்டு' என்று திட்டும் தாயைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இதனை நினைவிற்கொள்வது நன்று.

தோட்டமே வீடு, தோட்டமே நாடு

குடும்பத்தின் தலையாய பணிகள் இரண்டு என்றார் டால்கட் பார்சன்ஸ்: குழந்தையைச் சமுதாயத்திற்கு ஏற்றவனாக உருவாக்குதல், வயது வந்தோரின் மனநிலையைத் தாங்கி நிறுத்துதல். 1955ஆம் ஆண்டில் அவர் இதனை எழுதியபோது அவர் கண்முன் இருந்தது அமெரிக்க நடுத்தர வீடு. அவ்வீட்டின் தந்தை காலையில் வெளியே சென்று மாலையில் திரும்புவார். தொழில் உலகமும் வீட்டு உலகமும் வேறு வேறு. லயத்தில் அவ்வேறுபாடு இல்லை. வீடு துரையுடையது, தண்ணீர்க் குழாய் துரையுடையது, மருந்தகமும் கோயிலும் பள்ளியும் நிற்கும் நிலம் துரையுடையது. தந்தை வேலை இழந்தால் வீடும் இழப்பார். பிள்ளை பள்ளியையும் இழக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மலாயா இரப்பர் தோட்டத்தில் தங்கி ஆராய்ந்த ஆர். கே. ஜெயின், 1970ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், தோட்டம் ஒரு வேலைத்தலமாக மட்டும் இராமல் ஒரு முழுச் சமுதாயமாகவே இருந்ததை விளக்கியுள்ளார்.

இத்தகைய இடத்தில் வளரும் பிள்ளை அதிகாரத்தை எங்கே கற்கின்றது? தன் தந்தை கிராணியின் முன் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துக் கற்கின்றது. வீட்டில் உரத்த குரலில் பேசும் தந்தை பெரட்டுக் களத்தில் வாய் திறவாதிருப்பதை அது காண்கின்றது. கள்ளுக்கடையும் தோட்டத்திற்குள்ளேயே இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. குடித்துவிட்டு வந்து பிள்ளையை அடித்த தந்தையைப் பற்றிப் பேசுவோர், அக்கடைக்கு இடம் கொடுத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்து, கூலி பேசும் உரிமை வந்த பிறகே அக்குனிந்த தலை சற்று நிமிர்ந்தது. அதனையும் பிள்ளைகள் கண்டனர்.

போர்க்காலம் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆடவர் கொண்டுசெல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. தந்தையற்ற வீடுகளைத் தாய்மாரும், முன்னர்க் கூறிய 'அழைக்கப்பட்ட' மாமன்மாரும் பெரியம்மாமாரும் தாங்கினர். பார்சன்ஸ் வகுத்த இலக்கணப்படி அவை குறைபட்ட குடும்பங்கள். அங்கு வளர்ந்தவர்களே பிற்காலத்தில் சங்கக் கிளைகளையும் கோயில் குழுக்களையும் நடத்தினர்.

பள்ளியின் கண்ணும் லயத்தின் பிள்ளையும்

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வகை செய்தது. அப்பள்ளிகளின் தரத்தைப் பற்றிப் புகழ்ந்து கூற ஒன்றுமில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக என்பதே பல இடங்களில் நிலை. ஆயினும் லயத்துப் பிள்ளைக்குக் குழந்தைப் பருவம் என்று சில மணி நேரமேனும் கிடைத்தது அங்கேதான். 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் அவை தேசிய மாதிரிப் பள்ளிகளாக நாட்டுக் கல்வி அமைப்பில் சேர்ந்தன. அவ்வாண்டில் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகும். தொடக்கப்பள்ளியோடு தமிழ்வழிக் கல்வி முடிந்துவிடுவதால், பிள்ளை பன்னிரண்டு வயதில் மொழியும் இடமும் ஒருங்கே மாறி நகரத்து இடைநிலைப் பள்ளிக்குப் போக நேர்ந்தது. புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் உதிர்ந்த இடம் இதுவே.

அவர்கள் உதிர்ந்ததற்குத் திறமைக்குறைவு காரணம் என்று கருதியவர் உண்டு. அன்னெட் லாரோ என்னும் அமெரிக்க ஆய்வாளரின் 2003ஆம் ஆண்டு நூல் வேறு விளக்கம் தருகின்றது. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளின் வீடுகளில் அன்றாடம் இருந்து பார்த்து அவர் எழுதியது அது. நடுத்தர வகுப்புப் பெற்றோர் பிள்ளையைத் திட்டமிட்டு வளர்க்கின்றனர். மாலைதோறும் ஒரு வகுப்புக்கு அழைத்துச் செல்கின்றனர். எதனையும் காரணம் கேட்டுப் பேசப் பழக்குகின்றனர். தொழிலாளர் வீட்டுப் பெற்றோர் உணவும் பாதுகாப்பும் அன்பும் தந்து, வளர்ச்சியை அதன் போக்கில் விடுகின்றனர். இப்பிள்ளைகள் உறவினரோடு நெருங்கிப் பழகுகின்றனர். தாமே விளையாட்டை உண்டாக்கிக்கொள்கின்றனர். பெரியவர்களுக்கு எதிர்வாய் பேசுவதில்லை. இரண்டு முறையிலும் அன்பு ஒன்றே என்பது லாரோவின் கருத்து. ஆனால் பள்ளியும் அலுவலகமும் முதல் முறையையே நல்ல வளர்ப்பு என்று மதிக்கின்றன.

இதனைத் தமிழ் வகுப்பறையில் வைத்துப் பார்க்கலாம். ஆசிரியர் கேள்வி கேட்கின்றார். லயத்துப் பிள்ளை எழுந்து நிற்கின்றது, பேசவில்லை. பெரியவர் பேசும்போது வாய் திறவாதிருத்தல் மரியாதை என்று அதன் வீடு கற்பித்திருக்கின்றது. ஆசிரியரோ அதனை அறியாமை என்று குறித்துக்கொள்கின்றார். நகரத்து இடைநிலைப் பள்ளியில், மலாய் மொழியில், முன்பின் அறியாத ஆசிரியர் முன்பு அம்மரியாதை பத்து மடங்காகின்றது. கடைசி வரிசைக்குப் போகின்றது பிள்ளை. ஓரிரண்டு ஆண்டில் பள்ளியை விட்டும் போகின்றது. பெற்றோரும் பள்ளிக்கு வந்து முறையிடுவதில்லை. கிராணியிடமும் துரையிடமும் எதிர்த்துப் பேசிப் பழகாதவர்கள் தலைமையாசிரியரிடம் மட்டும் எவ்வாறு பேசுவர்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிகளும் 'அக்கறையின்மை' என்றே எழுதப்பட்டன. கூட்டம் எத்தனை மணிக்கு வைக்கப்பட்டது என்பதைக் குறிப்பேடு கூறுவதில்லை.

லாரோ கூறியதில் ஆசிரியர்கள் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டிய பகுதியும் உண்டு. அவருடைய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஓய்வு நேரம் மிகுதி. லயத்துப் பிள்ளைக்கு அவ்வோய்வும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது மேலே கூறப்பட்டது. ஒரு நாட்டு ஆய்வை மற்றொரு நாட்டின்மேல் அப்படியே போர்த்தினால் சட்டை பொருந்தாது.

லயம் கலைந்த பின்

1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டாடப்பட்டதைப் பற்றி அங்கு அசிஸ் ஆய்வறிக்கை வெளியிட்டார். லயம் கலையத் தொடங்கிய முதற்காலம் அது. 1969ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமையற்றவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்ற விதியால் பல்லாயிரவர் தமிழ்நாட்டிற்குத் திரும்பினர். பல குடும்பங்கள் இரு நாடாகப் பிரிந்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு வேண்டிய ஆட்கள் குறைவு. அவர்களிலும் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தனர். தோட்ட நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட இடங்களில் மக்கள் நகரத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர்.

இப்பெயர்ச்சியை முன்னேற்றம் என்று மட்டும் கூறுவோர் உண்டு. சீரழிவு என்று மட்டும் கூறுவோரும் உண்டு. இரண்டும் அரைகுறை. அடுக்குமாடி வீட்டில் குழாய் நீர் உண்டு, மின்விளக்கு உண்டு, பிள்ளைக்குத் தனியே ஒரு மேசையும் இருக்கலாம். வாளி தூக்கும் வேலை இல்லை. 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக்கல்வி சட்டப்படி கட்டாயமாயிற்று. செலிசர் கூறிய மாற்றம் மெய்யாகவே நடந்துவிட்டது: பிள்ளை இப்போது செலவு, தனிப்பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாத வீடு குறைவு. ஆனால் பெரியம்மாவும் சித்தியும் அழைத்த குரலுக்கு வரும் தொலைவில் இல்லை. லயத்தில் ஒரு பிள்ளை தவறு செய்தால் பத்து வீட்டார் கண்டிக்கும் உரிமை பெற்றிருந்தனர். ஐந்தாம் மாடியில் அடுத்த கதவின் பெயரே தெரியாது. தாய் தொழிற்சாலையில் இரவு முறை, தந்தை லாரியில் வெளியூர். பாட்டி இருந்தால் அவள் தொலைக்காட்சியின் முன். இல்லையெனில் பிள்ளையின் கழுத்தில் வீட்டுச் சாவி. கொடுமையான பழைய லயத்தை மீண்டும் விரும்புவார் எவருமில்லை. ஆயினும் அதற்குள் மக்கள் தாமே கட்டிய உறவை, பெட்டி படுக்கைகளோடு லாரியில் ஏற்ற முடியவில்லை.

தமிழ்ப் பள்ளிகளிலும் இதன் விளைவைக் காணலாம். தோட்டத்தில் முப்பது பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகள் ஒருபுறம். நகரத்துக்கு இடம் மாற்றப்பட்ட தோட்டப்பள்ளிகள் ஒருபுறம். இடம் மாறிய பின்னும் சில பள்ளிகள் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பெயர் குறிக்கும் தோட்டத்தை அங்குப் படிக்கும் பிள்ளை பார்த்ததில்லை. தெலுக் இந்தான் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் இன்னும் விரிந்து கிடப்பதால் தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் அமரும் வகுப்புகளும் உண்டு. ஒருவன் பாட்டியோடும் பேரக்குழந்தைகளோடும் எட்டுப் பேர் உள்ள வீட்டிலிருந்து வருகின்றான். மற்றொருவன் முந்திய நாள் மாலையிலிருந்து பெரியவர் ஒருவரோடும் பேசாமல் வருகின்றான். இருவரும் வீட்டுப்பாடம் செய்யவில்லை. முதல்வனுக்கு மேசை இல்லை; இரண்டாமவனுக்கு 'செய்தாயா' என்று கேட்க ஆள் இல்லை. குறிப்பேட்டில் காரணம் எழுதும் கட்டம் இருவருக்கும் ஒரே அளவில் அச்சிடப்பட்டிருக்கின்றது. ஒரு விரற்கடை அகலம் இருக்கும்.